பேக்கரி ரேசர்

ஜூலை 6, ஞாயிறு

பிரிவு உபசார விழாவில் கம்பெனி எனக்கு மூன்று பொருட்கள் கொடுத்தது. ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், இந்த டைரி. சால்வையை வசந்தாமணி மிக்சிக்குப் போர்த்திவிட்டாள். கடிகாரம் ஓடுகிறதா என்பதை முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கடிகாரங்கள் டிக் டிக் என்று சொல்வதை விட்டுவிட்டன போலிருக்கிறது. நாகரிகம் வளர்ந்துவிட்டது. டைரி மட்டும் ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்திருக்கிறது.

முப்பது வருடம் பம்ப்செட் மோட்டார் டெஸ்டிங்கில் இருந்தவன் நான். ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, கட்டைக் கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு பேரிங்கின் ஜாதகத்தைச் சொல்வேன். ஆவாரம்பாளையம் பூராவும் 'காது சென்னியப்பன்' என்றால்தான் தெரியும். ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு. கம்ப்யூட்டர் வைத்து டெஸ்ட் செய்யப் போகிறார்களாம், எனக்கு எதற்கு அந்தப் போட்டி என்று வந்துவிட்டேன். காரணம் அவ்வளவுதான்.

வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது. 1987 மாடல் புல்லட் ஒன்று பதினோரு வருடமாகத் தார்பாலினுக்குள் தவம் செய்கிறது. அதை கஃபே ரேசராக மாற்றப் போகிறேன். அந்தக் காலத்தில் சீமையில் பையன்கள் பைக்கில் வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு டீக்கடையிலிருந்து அடுத்த டீக்கடைக்குப் பந்தயம் விடுவார்களாம். குனிந்த ஹேண்டில்பார், நீண்ட டேங்க், ஒற்றை சீட். கோயமுத்தூரில் நாம் டீ குடிப்பது பேக்கரியில். ஆகவே என்னுடையது பேக்கரி ரேசர்.

"ஏனுங்க, அதுல பூனை குடியிருக்குதுங்க" என்றாள் வசந்தாமணி.

"பூனைக்கு வேற எடம் பாத்துக் குடுத்தர்லாம்."

அவள் என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். தெரு முனையில் நிற்பவனைக் கூப்பிடுகிற தொண்டையில் பேசினாள். "வண்டிய என்ன வேணாப் பண்ணுங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா அது ரோட்டுல ஓடுனதுக்கு மறுநாளு நீங்க எங்கூடக் காது டாக்டர்கிட்ட வரோணும்."

எனக்குக் காது மந்தம் என்று இரண்டு வருடமாக அவளுக்கு ஒரு எண்ணம். சரி என்று ஒப்புக்கொண்டேன். வண்டி ஓடினால்தானே.

ஜூலை 14, திங்கள்

பூனையும் நாலு குட்டியும் மிக்சி அட்டைப்பெட்டிக்குக் குடிபெயர்ந்தன. டேங்க், சீட், மட்கார்டு எல்லாம் கழற்றியாயிற்று.

எதிர்வீட்டு அர்த்தநாரி வந்து வேடிக்கை பார்த்தார். ஆர்.டி.ஓ. ஆபீசில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பேத்தியைப் பார்க்க அமெரிக்கா போன மறுவாரம் மீசைக்கு மை அடித்துக்கொண்டார். ஏன் என்று தெருவே யோசித்துக்கொண்டிருக்கிறது, நானும் அதில் அடக்கம். முன்பெல்லாம் மனிதர் பேசினால் மைக் செட் தேவைப்படாது. இப்போது உதடு மட்டும் அசைகிறது. வயதாகிவிட்டது, பாவம். வண்டியை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும் என்கிறார் என்று நானே ஊகித்துக்கொண்டேன். அவர் வேறென்ன பேசப் போகிறார்.

ஜூலை 29, செவ்வாய்

லேத் திருமூர்த்தி பட்டறையில் ஃப்ரேமின் பின்பக்கத்தை அறுத்தோம். ஒற்றை ஆள் சீட்டுக்கு, பின்னால் ஒரு திமிலோடு, அளவு வைத்தாயிற்று.

"ங்ணா, யோசிச்சுக்கங்க. அறுத்துப்போட்டா அக்கா உக்கார எடமிருக்காது" என்று திருமூர்த்தி பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். பட்டறை இரைச்சலில் பேசினால் கேட்காதாம். மற்றவர்களிடம் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

வீட்டில் வசந்தாமணி மிச்சமிருந்த ஃப்ரேமைப் பார்த்தாள். "ஒத்தை சீட்டுங்களா?"

"அதுதான் இலக்கணம், புள்ள."

கழற்றிப் போட்ட சேலை கார்டை எடுத்துப் போனாள். கல்யாணமான புதிதில், சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க அவளுக்காக மாட்டியது. காம்பவுண்டு சுவரில் அதை ஆணியடித்து மாட்டி, கீழே சங்குப்பூ விதை ஊன்றினாள். அவளுக்கும் கழிவுப் பொருளில் கலை வருகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வசந்தாமணி கோயிலுக்குப் போகும்போது நாலு விசில் வந்தால் குக்கரை அணைக்கச் சொன்னாள். கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. புகைதான் வந்தது. அதற்குப் பின்னால் அர்த்தநாரி வந்தார், ஓடியே. விசிலை எண்ணிப் பார்த்தாராம், பதினேழோ பதினெட்டோ. விரலில் காட்டினார்.

குக்கர் வெயிட்டில் ஏதோ கோளாறு. புதிதாக வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி

டேங்குக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

கறுப்பு துக்க வீடு போலிருந்தது. பச்சை அடித்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பச்சையைச் சுரண்டினேன். வசந்தாமணி ஷெட் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, "வண்டி ஓடீருமோன்னு பயமாருக்குதுங்களா?" என்றாள்.

கலையில் அவசரம் கூடாது என்று அவளுக்கு விளக்கினேன்.

செப்டம்பர் 17, புதன்

குனிந்த ஹேண்டில்பாரை மாட்டி உட்கார்ந்து பார்த்தேன். நெஞ்சு டேங்கில் படிய வேண்டும் என்பது விதி. என் விஷயத்தில் நெஞ்சுக்கு வெகு முன்னதாகவே வேறொன்று போய்ப் படிந்துவிடுகிறது. வண்டிக்கு இப்போது இரண்டு டேங்க். இரண்டிலும் முன்னாலுள்ளதுதான் அளவில் சிறியது.

கண்ணாடிகளைக் கழற்றிவிட்டேன். கண்ணாடி இல்லாமல் வண்டி, எண்ணெய் தேய்த்துக் குளித்துவந்த காளை போலிருக்கிறது. பின்னால் வருவதைக் கண்ணால் பார்க்கிறவனெல்லாம் ஓட்டுநரா. காது எதற்கு இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

பகல் முழுக்க மழை. ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தொட்டிக்குள் மீன் உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்கும். தண்ணீர் கயிறு கயிறாக இறங்குகிறது. முற்றத்தில் குமிழிகள் பிறந்து, நடந்து, மறைகின்றன. தெருவில் ஒரு லாரி மிதந்து போகிறது. எல்லாம் பஞ்சில் சுற்றிவைத்த உலகம். தகரத்தில் மழை விழுந்தால் முன்பு பேசவே முடியாது. இந்த வருட மழைக்குப் பாதம் மெத்தென்று இருக்கிறது. சொல்லப்போனால் நன்றாகத்தான் இருக்கிறது, இதிலேயே இருந்துவிடலாம் போல.

வேலையில்லாத கை எதையாவது எழுதும். பொங்கலூரில் நல்லசாமி என்று ஒரு விவசாயி. போன டிசம்பரில் அவருக்குப் போன மோட்டாரின் டெஸ்ட் சீட்டில் என் கையெழுத்து இருந்தது. ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. இத்தனை அமைதியான பேரிங்கா என்று அதை மெச்சிக்கூடப் பேசினேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஏழாம் நாள் பேரிங் உடைந்து மோட்டார் எரிந்தது. சின்ன வெங்காயம் முளை விட்டிருந்த சமயம். வேறு மோட்டார் போய்ச் சேரப் பத்து நாள்.

ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். நான் பொங்கலூர்ப் பக்கம் போகவில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் கதை வசந்தாமணிக்குச் சொன்னது. டைரிக்கும் ஜூலையில் அதையே சொல்லிவைத்தேன். இரண்டு சக்கரத்திலும் ஸ்போக் எண்பதும் பளபளக்கின்றன.

அக்டோபர் 12, ஞாயிறு

சுரண்ட இனிப் பெயின்ட் இல்லை. டேங்க் வெறும் தகரமாக மின்னுகிறது, அதுவே அழகு என்று திருமூர்த்தி தீர்ப்புச் சொல்லிவிட்டான். நேராக ஒரு குழாயை சைலன்சராகப் பொருத்தினோம். உள்ளே தடுப்பு எதுவும் வேண்டாம், காற்று சுதந்திரமாகப் போகட்டும் என்றேன்.

கிக்கரை ஏழு முறை மிதித்தேன். எட்டாவதில் காலடியில் தரை நடுங்கியது. ஓடுகிறது. சத்தம் என்ன பதம், பூனை பால் குடிப்பது போல.

திரும்பிப் பார்த்தால் திருமூர்த்தி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான். வசந்தாமணியும் அப்படியே. அம்மா பூனை மதில் தாண்டிப் போய்விட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் அர்த்தநாரி, பாதி மீசை கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும், கையில் பிரஷ்ஷோடு. தெருவில் பதினைந்து பேர்.

புது வண்டி என்றால் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் ஆர்வம் அதிகம்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வானம் முழுக்கப் பூ. சிவப்பாக விரிகிறது, பச்சையாக உதிர்கிறது, ஒன்றும் பேசாமல் போய்விடுகிறது. மரத்தடியில் பவழமல்லி விழுவதைப் பார்ப்பது போல. வசந்தாமணி ஒவ்வொன்றுக்கும் தோளைக் குலுக்கித் திடுக்கிட்டாள். அவள் திடுக்கிடுவதை வைத்து எது பெரிய வெடி என்று நான் தெரிந்துகொண்டேன்.

அவளும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அதன்பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு அழுத்து அழுத்தினாள்.

அக்டோபர் 23, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. முயற்சி செய்கிறேன்.

வண்டியை ஓடவிட்டு, இடது கையால் கார்புரேட்டர் திருகையும் வலது கையால் ஆக்சிலேட்டரையும் பிடித்திருந்தேன். ஸ்க்ரூடிரைவரை வைக்க இடமில்லாமல் கட்டைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். குனிந்தபோது அதன் முனை எஞ்சின் தலையில் பட்டது.

ஒரு வீட்டின் கதவுகளெல்லாம் ஒரே சமயத்தில் திறந்தன.

பிஸ்டன் ஏறுவது, இறங்குவது. வால்வு தன் இருக்கையில் உட்காருவது. செயின் ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டு போவது. எக்ஸாஸ்ட் டேப்பெட் ஒரு நூலிழை தளர்ந்து டக் டக்கென்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் காது வழியாக வரவில்லை. பல் வழியாக, தாடை வழியாக, தலைக்குள்ளேயே முளைத்தது. எடுத்தால் பஞ்சு. கடித்தால் உலகம். எடுத்தேன், கடித்தேன், எடுத்தேன், கடித்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். அந்தக் குழாயின் கூச்சலும் அப்போதுதான் தெரிந்தது. மனதுக்குள் தெருவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், அர்த்தநாரியின் பாதி மீசையிடம் தனியாக.

வசந்தாமணி காப்பியோடு வந்தபோது வாயில் ஸ்க்ரூடிரைவரோடு அழுதுகொண்டிருந்தேன். பெட்ரோல் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவள் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். காப்பியை வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

ரோட்டில் ஓடியது. வசந்தாமணி மார்க்கெட் போன சமயம் பார்த்து எடுத்தேன். பேக்கரி முக்கால் கிலோமீட்டர். அங்கே வலப்பக்கம் திருப்பினேன்.

முதுகில் அனல் பட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு ஜாண் தூரத்தில் டவுன் பஸ்ஸின் முகம். டிரைவரின் வாய் திறந்து திறந்து மூடியது.

பேக்கரி வாசலில் டீ கிளாசோடு நின்றவர்களிடம், "ஹாரன் அடிச்சாருங்களா?" என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் இரண்டு விரலால் தூரத்து முக்கைக் காட்டினார். அங்கிருந்தே அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் கத்தரிக்காய்ப் பையோடு வசந்தாமணி. என் கை ஹேண்டில்பாரை விட மறுத்தது. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"நாளைக்குப் போலாமுங்க" என்றாள். கத்தவில்லை. உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

அக்டோபர் 27, திங்கள்

டாக்டர் சின்னப் பெண். ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் காதருகே காட்டினாள். ஒன்றுமில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினாள். கணீரென்றது. பல்லில் ஸ்க்ரூடிரைவர் வைத்த கதையைச் சொன்னேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காதுக்குள் மூன்று சின்ன எலும்புகள் இருக்கின்றனவாம். ஒன்று அடுத்ததைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ளி, சத்தம் உள்ளே போகுமாம். எனக்கு மூன்றாவது எலும்பு இறுகிப் பிடித்துக்கொண்டதாம். இரண்டு காதிலும். நரம்பு நன்றாகத்தான் இருக்கிறதாம். புஷ்ராடு இருக்கிறது, ராக்கர் இருக்கிறது, வால்வு மட்டும் ஜாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்.

ஜனவரியில் ஒரு காதுக்கு ஆபரேஷன். பெரும்பாலும் சரியாகும், உறுதி தர முடியாது என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அதற்குக் கீழே, 'அதுவரை தனியாக வண்டி ஓட்டக் கூடாது' என்று எழுதிக் கோடு போட்டாள்.

வசந்தாமணி அந்தப் பேனாவை வாங்கி, 'தனியாக' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் யோசித்துவிட்டு, 'இரண்டு கண்ணாடி, மெதுவாக' என்று சேர்த்து எழுதினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

திருமூர்த்தி அறுத்த ஃப்ரேமுக்கு மறுபடி கம்பி வளைத்து வெல்டிங் வைத்தான். திமில் போயிற்று. நீள சீட். குழாய்க்குள் தடுப்பு. இரண்டு பக்கமும் எருமைக் கொம்பு போலக் கண்ணாடி. எழுதிக் காட்டினான்: 'ங்ணா, இது இப்ப ரேசர் இல்லீங்.'

'பேக்கரிக்குப் போகும்ல?' என்று கீழே எழுதினேன்.

'போகுமுங்.'

ஆர்.சி. புத்தக வேலையை அர்த்தநாரியே முன்னின்று முடித்துத் தருகிறார். மீசை இப்போது முழுக்கக் கறுப்பு. மனைவி அடுத்த மாதம் திரும்புகிறாராம், அதற்குத்தான் ஐந்து மாத ஒத்திகை. பதினைந்து வீட்டில் சொன்ன வதந்தியை எல்லாம் நான் திரும்பப் பெற வேண்டும்.

சேலை கார்டை மட்டும் மறுபடி மாட்ட முடியவில்லை. சங்குப்பூக் கொடி அதைப் பின்னிப் பிணைந்து, நீலமாகப் பூத்துத் தொலைத்திருக்கிறது. புதிதாக ஒன்று வாங்குகிறேன் என்றேன். வசந்தாமணி கடைக்குப் போய்த் தனக்குச் சுடிதார் வாங்கி வந்தாள். ஐம்பது வயதில் முதல் சுடிதார். கண்ணாடி முன் மூன்று முறை திரும்பினாள். நான் பார்க்காதது போலப் பார்த்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஒரு வாரமாகத் தெருவுக்குள் ஒத்திகை. இடது தோளில் தட்டினால் இடப்பக்கம் வண்டி. வலது தோளில் தட்டினால் வலப்பக்கம். முதுகில் குத்தினால் நில். ஹெல்மெட்டில் கொட்டினால் வேகம் அதிகம். தோளைப் பிடித்துத் திருகினால் அந்தப் பக்கம் திரும்பு. மற்ற வீடுகளில் இதெல்லாம் வண்டி இல்லாமலேயே நடக்கிறது.

இன்று காலை கிளம்பினோம். சிறுவாணி ரோட்டுக்குப் போவதாகத்தான் என் எண்ணம். முதல் சிக்னலிலேயே தோளைத் திருகினாள். பிறகு இன்னொரு திருகல். பார்த்தால் திருச்சி ரோடு. சூலூர் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். எங்கே போகிறோம் என்று கேட்டேன். பன்னைக் காட்டி, தின்னுங்க என்று சைகை செய்தாள்.

பனி இன்னும் விலகவில்லை. தென்னந்தோப்புகள் புகைக்குள் நீந்திக்கொண்டு எதிரே வந்தன. என் முதுகு முழுக்கச் சின்னச் சின்னத் தட்டல்கள், இடம், வலம், வலம், இடம். ரோட்டிலுள்ள அத்தனை வண்டிகளும் என் சட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தன. பல்லடம் தாண்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது, அடுத்தது பொங்கலூர். வேகத்தைக் குறைத்தேன். முதுகில் குத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குத்தவில்லை. உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள்.

நல்லசாமி அறுபது வயது மனிதர், தலையில் துண்டு. வசந்தாமணி முன்பே போனில் பேசிவைத்திருக்கிறாள். நான் வண்டியை விட்டு இறங்கி, மனதில் முப்பது முறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "அந்த மோட்டாருக்குக் கையெழுத்துப் போட்டது நானுங்க. எனக்குக் காது கேக்கலீங்க."

இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை.

அவர் துண்டை அவிழ்த்து உதறினார். பிறகு வசந்தாமணியைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் தன் பையிலிருந்த சின்ன நோட்டில் அதை அப்படியே எழுதிக் காட்டினாள். 'வெங்காயம் போனது போனதுதானுங்க. இப்ப இருக்கிற மோட்டாரும் ஒரு மாதிரி சத்தம் போடுது. வந்ததுக்கு ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க.'

கிணற்று மேட்டில் மோட்டார் ரூம். வசந்தாமணி பையிலிருந்து என் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள். கட்டைப்பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். கடித்தேன். முனையை மோட்டாரின் மேல் வைத்தேன்.

பம்ப் பக்கத்து பேரிங் சரி. விசிறிப்பக்க பேரிங்கில், வெகு ஆழத்தில், மணல் அரைப்பது போல ஒரு முனகல். கண்ணை மூடி மறுபடி கேட்டேன். அதே இடம்.

"விசிறிப்பக்க பேரிங். இன்னும் மூணு வாரம் தாங்கும். அதுக்குள்ள மாத்தீருங்க" என்றேன். "மாத்தறதுக்கு நானே வர்றனுங்க."

அவர் தலையை மெதுவாக ஆட்டிவிட்டு இளநீர் வெட்டப் போனார்.

மோட்டாரை நிறுத்தினேன். ஸ்க்ரூடிரைவர் இன்னும் என் பல்லில் இருந்தது. வசந்தாமணி கிட்டே வந்தாள். தோப்பில் யாருமில்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள். ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பிடித்து, சுடிதார் துப்பட்டாவால் துடைத்து, தன் தாடை எலும்பில் வைத்துக்கொண்டாள்.

வசந்தாமணியின் குரல். இரண்டு வருடமாக நான் கேட்டது அவளுடைய கத்தலை மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது. இது அதுவல்ல. அடுப்படியில் தனக்குத்தானே பேசிக்கொள்வாளே, அந்தக் குரல். என் தலைக்குள் உட்கார்ந்து பேசியது.

"கம்ப்யூட்டர் கதைய நான் நம்பலீங்க. உங்ககூட வேல பாத்தவங்க சொல்லி அன்னிக்கே எல்லாந் தெரியும்."

நான் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் குரல் போய்விடும்.

"சொல்லோணும் சொல்லோணும்னு ஒரு வருசமா இருந்தனுங்க. இதெல்லாம் கத்திச் சொல்ற விசயமுங்களா?"

பிறகு மூன்றாவதாக ஒன்று சொன்னாள். அதை இந்த டைரியில் எழுதப் போவதில்லை, கம்பெனி கொடுத்த டைரி. ஐம்பத்து நான்கு வயதில், சொட்டை விழுந்த தலையோடு, வாயில் ஸ்க்ரூடிரைவரோடு, கிணற்று மேட்டில் நின்று வெட்கப்பட்டேன் என்பது மட்டும் குறிப்பில் இருக்கட்டும்.

நல்லசாமி இரண்டு இளநீரோடு திரும்பியபோது நாங்கள் அப்படியே நின்றிருந்தோம். அவர் இளநீரைக் கிணற்றுக் கட்டையில் வைத்துவிட்டு, வேறெங்கோ வேலை இருப்பவர் போலத் திரும்பிப் போய்விட்டார்.